கடல் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் வேன்காரன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூட வேனைக் கழுவுவான். சீட்டுக்கு அடியில் தலையை விட்டுப் பிள்ளைகள் போட்ட பென்சில் துண்டையும் பிஸ்கட் தூளையும் கூட்டி எடுப்பான். அதுவும் முடிந்தால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஒழுங்காக இருக்கிற நட்டையே மறுபடியும் முடுக்குவான். "உனக்குப் பெண்டாட்டி இல்லாத குறைய இந்த வேன்தான்டா தீத்து வைக்குது" என்று அவன் அக்கா சொல்லாத வாரம் கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய தையல் கடை வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அக்கா, கிளம்பு. கடலோரமா ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்றால் அவளுக்குச் சந்தேகம் வருமா, வராதா?

வந்தது. ஆனாலும் ஆசை சந்தேகத்தை முந்திக்கொண்டது. கடலைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்றே காலத்தை ஓட்டியவன் அவன்.

"என்னடா, இன்னிக்கு மழை கொட்டப் போகுதா? நீயா வந்து கூப்பிடுறே?"

"வானத்தப் பாத்தா தெரியல? கொட்டத்தான் போகுது. நீ வர்றியா, இல்லையா?"

வானம் உண்மையிலேயே மூடிக்கொண்டுதான் கிடந்தது. ஒரு சட்டைக்கை பாதி தைத்தபடி மெஷினில் மாட்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டிக்கொண்டு, கடையைப் பூட்டினாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளைத் தடுக்கவும் ஆள் இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்கவும் ஆள் இல்லை. கடைக்குப் பின்னால் அவள் அறை, மாடியில் தம்பியின் அறை. இருவரும் அடுத்தவர் இருமலைக் கேட்டுக்கொண்டே வாழ்கிறவர்கள்.

வேனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் யானை. சாம்பல் நிறம், பெரிய உடம்பு, மெதுவான நடை. அக்கா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டி நகரவில்லை.

"என்ன? கிளம்பேன்."

"ஏறியாச்சுன்னு சொல்லு."

"என்னது?"

"நம்ம வண்டியில இப்ப இதான் சட்டம். ஏறினா 'ஏறியாச்சு மாமா'ன்னு சத்தமாச் சொல்லணும். இறங்கினா 'இறங்கியாச்சு மாமா, தள்ளி நிக்கிறேன்'னு சொல்லணும். அதக் கேட்டாத்தான் யானை நகரும்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறியா, இல்ல பள்ளிக்கூடத்துக்கா?"

"பெரிய டீச்சர்கூட அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பிள்ளைங்களப் பாத்துக்கிறாராம் நம்ம வேன்காரர். எல்லாம் நல்லாச் சொல்லுதுங்க. இந்த முட்டைக்கண்ணி ஒருத்திதான். இருக்கிறதுலயே பொடிசு. வாயத் திறந்தா எறும்பு பேசுற மாதிரி இருக்கும். அவள மட்டும் ரெண்டு தரம் சொல்லச் சொல்லுவேன்."

"ஏறியாச்சு மாமா!" என்று அக்கா கடை அதிரக் கத்தினாள். யானை நகர்ந்தது.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலை கடலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. இடது புறம், அக்காவின் ஜன்னலை ஒட்டியே கடல். அழகாகத்தான் இருந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது. வெயில் இல்லாத கடல் துணி துவைத்த தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. அலையில்கூட வெள்ளை இல்லை. ஆனாலும் அவள் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

"எனக்குத்தான் எப்பவுமே சுவர்ப் பக்கம். இன்னிக்காவது கடல் பக்கம் கிடைச்சுதே" என்றாள்.

இந்த இடத்தில் அவர்கள் வீட்டுப் பேச்சைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் ஒரே அறையில் இருந்தார்கள். ஒரே பாயில் இருவரும் படுப்பார்கள். மல்லாந்து படுத்தால் இடது கைப்பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கடல். வலது கைப்பக்கம் வெறும் சுவர். தம்பிக்கு இடது வலது சுட்டுப்போட்டாலும் வரவில்லை. செருப்பை மாற்றி மாட்டுவான், சோற்றில் இடது கையை வைப்பான், அடி வாங்குவான். அம்மாதான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். "இது கடல் பக்கம், இது சுவர்ப் பக்கம்" என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்துக்கொண்டான். பிறகு கடல் தெரியாத ஊருக்குக் குடிபோனார்கள், அம்மாவும் போய்விட்டாள், ஆனால் அந்த வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கும் இடது என்றால் கடல் பக்கம்தான். லைசென்ஸ் எடுக்கப் போன அன்றைக்கு, பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி "லெஃப்ட்ல திருப்பு" என்றதும் இவன் "கடல் பக்கம்" என்று முணுமுணுத்துக்கொண்டே திருப்பினானாம். "இங்க எங்கய்யா கடல்?" என்று அந்த ஆள் பயந்துவிட்டானாம். இந்தக் கதையை இருவரும் எத்தனை தரம் சொல்லிச் சிரித்தார்களோ, கணக்கில்லை. அன்றைக்கும் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சைக்கிள்காரன் அக்காவின் பக்கம் வண்டியை உரசுகிற மாதிரி வந்துவிட்டான். "டேய், டேய், கடல் பக்கம்!" என்று அவள் அலறிய பிறகுதான் தம்பி வண்டியை ஒடித்தான். சைக்கிள்காரன் காலை ஊன்றி நின்று, வண்டியின் பின்னாலேயே தலைமுறை தலைமுறையாகத் திட்டினான்.

"எங்கேருந்துடா முளைச்சான்?" என்றான் தம்பி.

"ரொம்ப நேரமா முன்னாடிதானே மிதிச்சுக்கிட்டு இருந்தான்!"

"ஓரமாப் போயிருப்பான். விடு. இந்த ரோட்ட நான் கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

டீ குடிக்க நிறுத்திய கடையில், மேசையில் வைத்த கிளாஸை முழங்கையால் தட்டிவிட்டான். கடைக்காரர் வேறு டீ கொண்டுவந்தார். இந்த முறை விரலால் மேசையைத் தடவிக்கொண்டே போய்க் கிளாஸைப் பிடித்தான். அக்கா பார்த்தாள். பார்த்தும், தூக்கம் கெட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். போன மாதம் வரை அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவன் அவன். "கிழவி, கண்ணாடிய மாத்து" என்று கேலி பேசிக்கொண்டே ஒரே குத்தில் கோத்துவிடுவான். இப்போதெல்லாம் ஊசியை நீட்டினால், "வேலை இருக்கு" என்று மாடிக்குப் போய்விடுகிறான். அதுவும் ஞாபகம் வந்தது. எதையும் அவள் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடவில்லை. நம்மோடு பிறந்தவர்களைப் பற்றிக் கெட்டதை நினைக்க மனசு அவ்வளவு சீக்கிரம் இடம் கொடுப்பதில்லை.

கடலோரச் சாலை ஒரு பழைய பாலத்தில் போய் முடியும். அதுவரைக்கும் போனார்கள். பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். காற்று பொட்டலக் காகிதத்தைப் பறித்துக்கொண்டு போனது. தம்பி முட்டையை உரித்து ஓட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எனக்கு வேன் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"என்னடா கேள்வி இது? வேனுக்கு என்ன வந்துச்சு?"

"சும்மாதான். ஒரு பேச்சுக்கு."

"பட்டன் தைக்கக் கத்துக்கோ. எனக்கும் ஆள் வேணும்."

அவன் சிரித்தான். சிரித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது தூறல் போட்டது. போகும்போது அக்கா பக்கம் இருந்த கடல் இப்போது தம்பியின் பக்கம், வலது புறம். இடது புறம் ஏதோ கிடங்கின் மதில், காரை பெயர்ந்து சாம்பல் நிறத்தில் நீளமாகக் கூடவே வந்தது. அக்காவுக்குக் கண் சொக்கியது. தலை சாயப் போன நேரத்தில், தம்பியின் தோளுக்கு அந்தப் புறம் கடலில் ஒரு கப்பலைப் பார்த்தாள். சரக்குக் கப்பல். ஊரையே தூக்கி வைத்த மாதிரி அவ்வளவு பெரிது, கரைக்கு அவ்வளவு பக்கம். சின்னப் பிள்ளையாக அந்த ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்துவாளே, அதே மாதிரி கத்திவிட்டாள்.

"டேய், கடல் பக்கம் பாரு, கப்பல்!"

தம்பி இடது பக்கம் திரும்பினான்.

அவள் முகத்தைத் தாண்டி, அவள் ஜன்னலைத் தாண்டி, அந்த மதிலைப் பார்த்தான். ஒரு நொடி பார்த்தான். பிறகு மறுபடி சாலைக்குத் திரும்பி, "ஆமாக்கா. அம்மாடி, எவ்ளோ பெருசு!" என்றான்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பழைய பேச்சு அல்லவா, கடல் பக்கம் என்றதும் கை தானாகப் போகிற மாதிரி கழுத்து போயிருக்கிறது, மடையன். சொல்லிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. சரி, பக்கம் மாறிவிட்டது. ஆனால் சுவரைப் பார்த்துவிட்டுக் கப்பல் பெரிது என்று ஒரு மனுஷன் எப்படிச் சொல்லுவான்?

சைக்கிள், கிளாஸ், ஊசி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. கடைசியில் அந்தச் சட்டம் வந்தது. ஏறியாச்சு மாமா. இறங்கியாச்சு மாமா, தள்ளி நிக்கிறேன். ஐயோ, இதற்கா நான் சிரித்தேன், இதற்கா பெரிய டீச்சர் பாராட்டினாள்?

"வண்டிய நிறுத்து."

"என்னக்கா, வாந்தி வருதா?"

"நிறுத்துடா!"

கொஞ்சம் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அவள் வழி சொல்லச் சொல்ல, அதன் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினான். எஞ்சின் அணைந்ததும் தூறல் கூரையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கப்பல் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நீதானே சொன்னே, கடல் பக்கம்னு."

"உன் கடல் பக்கத்துல சுவர்தான்டா இருந்துச்சு. கடல் அந்தப் பக்கம். உன் தோள இடிச்சுக்கிட்டு நிக்குது, பாரு."

அவன் வலது பக்கம் மெல்லத் திரும்பினான். ரொம்ப நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நாளாத்தான். சுத்தி எல்லாம் இருட்டு. நடுவுல மட்டும் குழாய் வழியாப் பாக்குற மாதிரி தெரியும். இப்ப அதுலயும் புகை. நரம்பு காஞ்சுக்கிட்டு வருதாம். போனது போனதுதான், திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வண்டிய விட்டுடுங்கன்னும் சொன்னார்."

"சொல்லியுமா ஓட்டுறே?"

"யார் எதக் காட்டினாலும் ஆமான்னு சொல்லிப் பழகிட்டேன்க்கா. யாருக்கும் தெரியல. உனக்கே தெரியலையே."

அந்தச் சொல் அவளைச் சுட்டது. எனக்கே தெரியவில்லையே. தினமும் அவன் இருமலைக் கேட்டவளுக்கு, அவன் கண் போனது தெரியவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், பக்கத்தில் இருந்தவன் மேல் விழுந்தது.

"கண் கெட்ட பிறகு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தப் பாழாய்ப்போன பேச்சில் கண் இல்லாமல் ஒரு வாக்கியம் உண்டா? "அப்புறம் எதுக்குடா இன்னிக்கு என்னக் கூட்டிட்டு வந்தே? இந்த மழையில, இந்த ரோட்டுல?"

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான்.

"வியாழக்கிழமை... முட்டைக்கண்ணி இறங்கினா. 'இறங்கியாச்சு மாமா, தள்ளி நிக்கிறேன்'னு ரெண்டு தரம் சொன்னா. நான் வண்டிய எடுத்தேன். அவ தண்ணி பாட்டில மறந்துட்டா போல. எடுக்கத் திரும்ப ஓடி வந்திருக்கா. சக்கரத்துகிட்ட. பூக்கடைக்காரம்மா கத்தினாங்க. நின்னுட்டேன். பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. பாட்டில்தான் நசுங்கிச்சு. அவ ஒண்ணுமே நடக்காத மாதிரி 'வேற பாட்டில் வாங்கித் தரீங்களா மாமா'ன்னு கேட்டா."

அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்னையிலேருந்து தூக்கமில்ல. அப்பத்தான் நினைச்சேன். இந்த ரோட்டுல போய்ட்டுப் பத்திரமாத் திரும்பி வந்துட்டா, இன்னும் ஓட்டலாம்னு அர்த்தம். இல்லேன்னா விட்டுடணும். தனியாப் போனா எனக்கு நானே பொய் சொல்லிக்குவேன். அதான் உன்ன ஏத்திக்கிட்டேன்."

"என்ன வச்சாடா பரீட்சை பாத்தே?"

"பிள்ளைங்கள வச்சுப் பாக்க முடியாதுல்லக்கா."

அவளுக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும் என்று கை துடித்தது. அதே கை போய் அவன் பின்தலையைப் பிடித்துக்கொண்டது. பாவி, நீயும் நானும் போனால் போகட்டும் என்று நினைத்தாயா, என்னைக் கேட்டிருந்தால் நானே ஏறியிருப்பேனே என்று அவள் மனசுக்குள் அழுதாள். வாய்விட்டுச் சொன்னது வேறு.

"சரி. பரீட்சை முடிஞ்சுது. நீயே சொல்லு, பாஸா, ஃபெயிலா?"

"அக்கா, இந்த வருஷம் மட்டும். பரீட்சை லீவு வரைக்கும். ரொம்ப மெதுவா ஓட்டுறேன். கூட ஒரு ஆள நிக்க வச்சுக்கிறேன்..."

"பாஸா, ஃபெயிலா?"

வெளியே ஒரு லாரி போனது. அதன் வெளிச்சம் அவன் முகத்தில் பட்டுப் போனது. அழுதுகொண்டிருந்தான். அம்மா செத்த அன்றைக்குக்கூட அவள் அவன் அழுது பார்த்ததில்லை.

"ஃபெயில்" என்றான்.

"நாளைக்குத் திங்கட்கிழமைடா. காலையில பிள்ளைங்க வந்து தெருமுனையில நிக்கும். பெரிய டீச்சருக்கு நீயே பேசுறியா, நான் பேசட்டுமா?"

அவனே பேசினான். ஃபோனை முகத்துக்கு நேராக, மூக்கில் இடிக்கிற அளவு வைத்துக்கொண்டு எண்ணைத் தேடினான். அவள் உதவிக்குக் கை நீட்டவில்லை. "டீச்சர், நாளையிலேருந்து வேற வண்டிக்கு ஏற்பாடு பண்ணிக்குங்க... இல்ல, வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்... கண்ணு தெரியல டீச்சர்." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில், "முட்டைக்கண்ணிய மட்டும் ஜன்னல் ஓரமா உக்கார வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா தலை சுத்தும் அதுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

பங்க்காரரிடம் சாவியைக் கொடுத்து, ஆள் வந்து வண்டியை எடுத்துப் போகும் என்று சொன்னார்கள். அவன் ஒரு தரம் யானையைச் சுற்றி வந்தான். எல்லாக் கதவையும் இழுத்துப் பார்த்தான். முன் கண்ணாடியில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய நட்சத்திரத்தை விரலால் தேடித் தொட்டான். அக்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

பஸ் வந்தது. நல்ல கூட்டம். கண்டக்டர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கதவைத் தட்டினான். தம்பி முன்னால், அக்கா பின்னால். முதல் படி எங்கே என்று அவன் காலால் துழாவினான். "இன்னும் கொஞ்சம் மேல. கடல் பக்கம் கம்பி இருக்கு, பிடிச்சுக்கோ" என்றாள். இடது கை நேராகப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை இருவருக்கும் பக்கம் மாறவில்லை.

மேலே ஏறியவன் நகராமல் நின்றான். பின்னால் இருக்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் அவள் பக்கம் திரும்பினான். அவளைத்தான் பார்க்கிறானா, அவளுக்குப் பக்கத்து இருட்டைப் பார்க்கிறானா, அவளுக்குத் தெரியவில்லை.

"ஏறியாச்சுக்கா" என்றான்.

குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. முட்டைக்கண்ணியாக இருந்திருந்தால் இன்னொரு தரம் சொல்லச் சொல்லியிருப்பான். அக்கா சொல்லச் சொல்லவில்லை. அவன் முதுகில் கை வைத்து, உள்ளே தள்ளிக்கொண்டு ஏறினாள்.